நான் சொல்லாத நன்றி

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. இந்தத் தொடரின் முதல் அத்தியாயமாகவே வந்திருக்க வேண்டியது. அதற்குப் பதிலாகப் பனியில் வழுக்கி விழுந்ததை எழுதினேன். மகள் பிறந்ததை எழுதினேன். லாண்டரி மெஷினில் கல்யாணப் புடவையைப் போட்டுக் கெடுத்ததைக்கூட எழுதினேன். இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

பயந்து தயங்கவில்லை. இதில் வருகிற ஒரு பெண்மணிதான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுத் தந்தவர். அந்த நன்றி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் அந்தத் தயக்கம் போய்விட்டது. ஊரில் தேர்தல் பேச்சு. யாரோ ஒருவர் ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தைப் படம் பிடித்துப் போனில் அனுப்பியிருக்கிறார். அது எங்கெங்கோ சுற்றி, எங்கள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் வைத்திருக்கிற குழுவுக்கே வந்துவிட்டது. மேலே, 'அமெரிக்காவில் வாழும் கிறிஸ்தவச் சகோதரியின் கண்ணீர்ச் சாட்சியம்' என்று யாரோ சேர்த்து எழுதியிருந்தார்கள். கீழே என் பெயர்.

போன் கை நழுவித் தரையில் விழுந்தது. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று என் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வயது அல்ல, கோபம்.

கோபத்தோடு எதையும் எழுதாதீர்கள் என்று எங்கள் சாமியார் சொன்னார். அவர் சொன்னபடி செபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதோடுதான் எழுதுகிறேன்.

கருவேப்பிலைக்குப் பக்கத்தில்

தொண்ணூறுகளின் பின்பாதி. நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். என் கணவர் அருள் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தார். வீட்டுக்கு ஒரே கார். எனக்கு அப்போது லைசென்ஸ் கிடையாது. சனிக்கிழமை காலையில் வசந்தாக்கா வந்து என்னை இந்தியக் கடைக்குக் கூட்டிப் போவார். போகிற வழியில் ஏதாவது ஒரு காலி பார்க்கிங் இடத்தில் சீட்டை மாற்றி உட்கார வைத்து, கொஞ்சம் ஓட்டச் சொல்லித் தருவார்.

வசந்தாக்காவின் கணவர் குணசேகரன், டெலிபோன் கம்பெனியில் இன்ஜினியர். எல்லோரும் குணா சார் என்பார்கள். ஊரில் ஒரு கட்சிக்கு அவர் உயிர். அந்தக் கட்சிக்காக இங்கே மாதம் ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். கட்சியின் பெயரையோ பத்திரிகையின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம்.

அப்படி ஒரு சனிக்கிழமை கடைக்குள் நுழைந்ததும் வழக்கமான வாசனை. ஊதுபத்தி, பெருங்காயம், ஃப்ரீசரைத் திறக்கும்போது வருகிற உறைந்த மீன் வாடை. வாசல் பக்கம் ஒரு அட்டைப் பெட்டியில் கருவேப்பிலை. அதற்குப் பக்கத்தில், இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி, குணா சாரின் பத்திரிகை அடுக்கு.

நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். ஒரு சின்ன அறிவிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். நாலைந்து வரிதான். அது அங்கே இல்லை. முந்தின பக்கத்திலும் இல்லை. நடுப்பக்கத்தைத் திறந்தேன்.

பாதிப் பக்கத்துக்கு அந்தக் கட்சித் தலைவரின் சிரித்த முகம். மேலே 'கண்ணீர் துடைத்த கரம்' என்று தலைப்பு. கீழே கட்டுரை. கட்டுரைக்குக் கீழே என் பெயரும், பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி என்ற ஊரும்.

"கோயில் கோயிலாக மண்டியிட்டேன். எந்தத் தெய்வமும் கண் திறக்கவில்லை. கண் திறந்தவர் தலைவர் ஒருவரே" என்று அது ஆரம்பித்தது. என் தம்பி கப்பலில் சிக்கிய கதை. தலைவர் ஒரு அறிக்கை விட்டதும் அந்நிய நாடு நடுங்கி எல்லோரையும் விடுவித்த கதை. "எல்லோரும் வீடு திரும்பினர். எங்கள் கரையில் இன்று ஒரு கண்ணிலும் ஈரம் இல்லை" என்று முடிந்தது.

நடுவில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. "தம்பி அங்கே பட்டினி கிடந்த நாட்களில், மீன் பொரிகிற வாசனை வந்தாலே அடுப்பை அணைத்துவிடுவேன்." அது உண்மை. அதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. காரில் போகும்போது வசந்தாக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த வசந்தாக்கா அங்கிருந்தே கேட்டார். "என்ன ரெஜி, வந்திருக்கா? எப்படி இருக்கு?"

"வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன்க்கா" என்றேன். பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நன்றிப் பக்கம்

நான் என்ன எழுதிக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் புரியாது.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள் நான். பத்தாவது வரை படிப்பு. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு மாதப் பத்திரிகை வரும். அதன் கடைசிப் பக்கம் முழுக்க நன்றி அறிவிப்பு. புனித அந்தோனியாருக்கு நன்றி, ஆரோக்கிய மாதாவுக்கு நன்றி, சூசையப்பருக்கு நன்றி. வேண்டுதல் வைக்கும்போதே, கேட்டது கிடைத்தால் பத்திரிகையில் பிரசுரிக்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், மொட்டை போடுகிறேன் என்பது போல இதுவும் ஒரு நேர்ச்சை. பிரசுரிக்காமல் விட்டால் நேர்ச்சை பாக்கி. அது மனதில் முள் மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் பத்திரிகை வந்தால் அம்மா முதலில் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கச் சொல்வார். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு வழக்கு தீர்ந்தது, யாருடைய வலை திரும்பக் கிடைத்தது என்று ஊர்க்கதை முழுக்க அதில் இருக்கும். பத்திரிகையைப் பார்த்துக்கொண்ட சாமியார், கொடுத்ததைக் கொடுத்தபடி போடுவார். ஒரு தடவை ஒரு பெண், 'என் மாமியாரின் வாயை இரண்டு வாரம் கட்டிவைத்த அந்தோனியாருக்கு நன்றி' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பெயரோடு. அதையும் போட்டார். மாமியார் போய்ச் சண்டை போட்டதற்கு, "அது அவளுக்கும் அந்தோனியாருக்கும் உள்ள விவகாரம், நடுவில் நான் யார்?" என்று கேட்டாராம். ஊரே அந்த மாதம் சிரித்தது.

இன்று நினைத்தால், பத்திரிகை நடத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய தர்மம் இல்லை என்று தோன்றுகிறது. நடுவில் நான் யார் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

கப்பல்

என் தம்பி சேவியர் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலைப் பிடித்துவைத்துவிட்டார்கள். முதலாளி யாருக்கோ கட்ட வேண்டியதைக் கட்டாமல் ஓடிவிட்டார் என்றார்கள். கப்பலில் இருந்தவர்கள் கரையில் இறங்கவும் முடியாது, ஊருக்கு வரவும் முடியாது. மாதக்கணக்கில் அப்படியே. குடிதண்ணீர் தீர்ந்து, இயந்திரம் நின்று, இரும்புத் தட்டு மாதிரி காய்கிற அறைக்குள் கிடந்திருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் ஸ்டீபன். எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அரிசி குறையக் குறைய, கஞ்சியை மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டு, நான் முன்னாடியே குடித்துவிட்டேன் என்று சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவாராம். அப்படி அவர் குடிக்கவே இல்லை என்பது காய்ச்சலில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. சேவியர் மடியில் தலை வைத்துத்தான் இறந்தார். அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். ஊரில் அவர் மனைவி செலினுக்கு ஒரு பிடி மண்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊர்க் கோர்ட்டு கப்பலை விற்கச் சொல்லி, மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவைத்தது. அந்தத் துறைமுகத்தில் மாலுமிகளுக்காக இருந்த ஒரு சாமியார் நடையாய் நடந்தார் என்று சேவியர் சொன்னான். தலைவர் அறிக்கை விட்டாராம். விட்டிருக்கலாம். நான் பார்க்கவில்லை. நான் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதுதான் எனக்குத் தெரியும்.

வாக்குக் கொடுத்தபடி பிரசுரிக்க வேண்டும். ஊர்ப் பத்திரிகை அதற்குள் நின்றுபோயிருந்தது. இங்கே தமிழில் அச்சாவது குணா சாரின் பத்திரிகை ஒன்றுதான். அதில் கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் போடுவார்கள். அதனால் இதையும் போடுவார்கள் என்று நினைத்து வசந்தாக்காவிடம் எழுதிக் கொடுத்தேன். "தாராளமா போடலாம் ரெஜி" என்று வாங்கிக்கொண்டார்.

தம்பியின் போன்

பத்திரிகையைப் பார்த்த அன்றே அருளிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். "இங்க யாரு இத படிக்கப் போறா? கருவேப்பிலை மடிச்சுட்டுப் போறதுக்கு எடுப்பாங்க. விடு ரெஜி" என்றார்.

இங்கே யாரும் படிக்கவில்லைதான். ஆனால் ஊரில் அந்தக் கட்சியின் நாளிதழ் அதை அப்படியே எடுத்துப் போட்டது. அது தேர்தல் நேரம்.

சேவியர் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டான். எப்போதும் நாங்கள்தான் போன் கார்டு வாங்கிப் போட்டுக் கூப்பிடுவோம். அவன் கூப்பிட்டால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

"எக்கா, நீ என்னத்த எழுதிக் குடுத்த?"

"அந்தோனியாருக்கு நன்றி எழுதிக் குடுத்தேம்ல."

"அந்தோனியார் பேரே அதுல இல்லயே. நேத்து சாயங்காலம் கடக்கரையில மேடை போட்டு, ஒன் பேரச் சொல்லி மைக்குல வாசிக்காவ. நம்ம ஊர்ப் பிள்ள அமெரிக்காவுல இருந்து எழுதியிருக்குன்னு சொல்லுதாவ. எல்லாரும் வீடு திரும்பிட்டாவ, ஒரு கண்ணுலயும் ஈரம் இல்லன்னு வாசிக்கும்போது செலின் மைனி அங்கனதான் நிக்காவ."

"மைனி என்ன சொன்னாவ?"

"அங்க ஒண்ணும் சொல்லல. இன்னைக்குக் காலையில வீட்டுக்கு வந்தாவ. உள்ள வாங்கன்னா வரல. வாசல்லயே நின்னு, 'ஒங்க அக்கா எல்லாரும்னு எழுதியிருக்காவளே, எம் புருஷன் அதுல சேத்தி இல்லயாடே'ன்னு கேட்டாவ. நான் என்ன சொல்லட்டும்? ஸ்டீபன் அண்ணன் குடிக்காம வச்ச கஞ்சியத்தான் நான் குடிச்சேன். எனக்கு அவிய மொகத்தப் பாக்க முடியலக்கா."

"நான் அப்படி எழுதலடே."

"ஒன் பேருதானக்கா போட்டிருக்கு" என்றான். அதற்குள் பூத்தில் யாரோ அவசரப்படுத்த, போனை வைத்துவிட்டான்.

நான் எழுதிக் கொடுத்ததில் கடைசி வரி ஸ்டீபனுக்காகத்தான். அவர் ஆன்மாவுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டு, செத்த மனிதர் வீடு திரும்பினார் என்று என் பெயரால் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள்.

பொய்ச்சாட்சி சொல்வது பாவம் என்று சின்ன வயதிலிருந்து மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் என் வாயால் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிறவர்களுக்கு என்ன பெயர் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

பேஸ்மென்ட்டில்

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், பிரிட்ஜ்வாட்டரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னேன். அருளுக்கு இஷ்டமில்லை. "அவங்க கார்லதான நீ கடைக்குப் போற" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் வண்டியைத் திருப்பினார்.

பத்திரிகை வேலை எல்லாம் அவர்கள் வீட்டு பேஸ்மென்ட்டில்தான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், சுவரில் தலைவர் படம், மூலையில் தேய்க்காத துணி. காகிதச் சூடும் பசை வாடையும்.

"வாங்க சிஸ்டர்" என்று எழுந்தார் குணா சார். "ஆர்ட்டிகிள் பாத்தீங்களா? மெட்ராஸ்ல கட்சி ஆபீஸ்லயே பேசறாங்க. தலைவர் பார்வைக்கே போகும்னு சொல்லிருக்காங்க."

"நான் எழுதிக் குடுத்தது எங்க சார்?"

"அதத்தானே போட்டிருக்கோம். கொஞ்சம் டெவலப் பண்ணிருக்கோம், அவ்ளோதான்."

"அந்தோனியார் எங்க?"

அவர் சிரித்தார். "சிஸ்டர், இது அரசியல் பேப்பர். தேர்தல் டைம் வேற. அந்தோனியார் வந்து ஓட்டா போடப் போறார்?"

"போட முடியாதுன்னா எங்கிட்டயே திருப்பித் தந்திருக்கலாமே."

"நல்ல மேட்டரை யாராவது திருப்பித் தருவாங்களா?"

"ஸ்டீபன் செத்துட்டார் சார். எல்லாரும் வந்துட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. அவர் சம்சாரம் கேட்டுட்டு நின்னிருக்காங்க."

"வருத்தம்தான். நான் இல்லேங்கல. ஆனா ஒருத்தரத் தவிர எல்லாரும்னு எழுதினா, படிக்கிறவன் அந்த ஒருத்தர்கிட்டயே நின்னுடுவான் சிஸ்டர். மெயின் பாயின்ட் போயிடும்."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மெயின் பாயின்ட். கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டின மனிதர் மெயின் பாயின்ட்டுக்கு இடைஞ்சலாம். எனக்கு அந்த கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் போட வேண்டும் போல இருந்தது. செபமாலையைப் பையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அருள் அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார். "திருத்தம் போடுங்க சார். அவ எழுதினத அப்படியே போடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"கண்டிப்பா அருள். அடுத்த இஷ்யூல வந்துடும். டீ குடிச்சிட்டுப் போங்க."

வசந்தாக்கா டீ கொண்டுவந்தார். என்னைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டு மேலே போனார். நான் குடிக்கவில்லை.

திருத்தம்

அடுத்த இதழ் வந்தது. திருத்தமும் வந்தது. மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி.

'சென்ற இதழில் வெளியான கட்டுரையில் தலைவர் அவர்களின் பெயருக்கு முன் அடைமொழி விடுபட்டுவிட்டது. தவறுக்கு வருந்துகிறோம்.'

இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. தவறு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திருத்தம் எப்படிப் போடுவது என்றும் தெரிந்திருக்கிறது. யாருக்குப் போடுவது என்பதில்தான் அவர்களுடைய நியாயம் முடிந்துபோகிறது. ஒரு தலைவரின் பட்டம் விட்டுப்போனால் வருந்துவார்கள். ஒரு மனிதரின் சாவு விட்டுப்போனால் டீ கொடுப்பார்கள்.

எனக்கு அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை அருளிடம் சாவியைக் கேட்டேன். அதுவரை நான் தனியாக ஓட்டியதில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். மகளை அவரிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

வாசலோரம் தரையில் உட்கார்ந்து, பத்திரிகை அடுக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரதியாக, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் என் அறிவிப்பை பால்பாயின்ட் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். முழுவதும். அந்தோனியார், சேவியர், ஸ்டீபன், என் பெயர்.

கடைக்காரர் குஜராத்தி. வந்து எட்டிப் பார்த்தார். "க்யா லிக் ரஹீ ஹோ, பெஹன்?" என்று, என்ன எழுதுகிறேன் என இந்தியில் கேட்டார்.

"கரெக்ஷன் பண்றேன்" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ. "ஓகே, ஓகே. டோர் பிளாக் மத் கர்னா" என்று, வாசலை மறைக்க வேண்டாமென, ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொல்லிவிட்டு, ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை நகர்த்தி, அதன் மேல் உட்காரச் சொன்னார். தமிழ் தெரியாத அந்த மனிதர் செய்த உபகாரத்தை நான் இன்றும் செபத்தில் நினைக்கிறேன்.

வசந்தாக்கா

கை வலி எடுக்கிற நேரத்தில் வசந்தாக்கா உள்ளே வந்தார்.

"என்ன பண்ற ரெஜி?"

"திருத்தம் போடுதேன்க்கா."

ஒரு பிரதியை எடுத்து வாசித்தார். நிதானமாக வாசித்தார். "நீயே ஓட்டிட்டு வந்தியா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"ஹைவேலயா?"

"இல்ல. உள்ரோட்டுலயே வந்துட்டேன்." அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த மீன் விஷயத்த ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீங்க ஏன்க்கா சார்கிட்டச் சொன்னீங்க?"

"அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவருக்கு எழுத எங்க வரும்?" பத்திரிகையை அடுக்கின் மேல் வைத்தார். "எழுதினது நான்தான் ரெஜி."

நான் பேனாவை மூடினேன்.

"தலையங்கம், கேள்வி பதில், கலிபோர்னியாலேந்து காரசாரமா லெட்டர் போடறானே ஒரு ஸ்டூடன்ட், டெக்சாஸ் கவிஞர், எல்லாம் நான்தான். உங்க வீட்டுக்காரர்கூட அந்த டெக்சாஸ்காரர் நல்லா எழுதறார்னு எங்கிட்டயே சொன்னார். என் பேரை ஒரு தடவைகூட எங்க வீட்டுக்காரர் போட்டதில்ல. வீட்டுப் பொம்பளை பேரைப் போட்டா குடும்பப் பத்திரிகைன்னு சிரிப்பாங்களாம்." அவர் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். "உன் கதைக்கு உன் பேராவது போட்டேன்."

எனக்கு அந்த நிமிடம் அவர் மேல் இரக்கம் வந்தது உண்மை. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். அந்த அடுப்பை அணைக்கிற வரியைப் படித்து எனக்கே கண் கலங்கியது. அந்தக் கை யாருடையது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் செலின் மைனி வாசலில் நின்றது கண்ணுக்குள் வந்தது.

"ஸ்டீபன எடுத்தது யாருக்கா?"

"நான் எழுதியிருந்தேன். கடைசிப் பாரா முழுக்க அவர்தான். நல்லா வந்திருந்தது. இவர் வேண்டாம்னுட்டார்."

"அப்ப எல்லாரும் திரும்பிட்டாங்கன்னு மாத்தினது?"

வசந்தாக்கா ஒரு கொத்துக் கருவேப்பிலையை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார். "சொன்னது அவர். டைப் பண்ணினது நான்."

"ஒங்க பேர இல்லாம ஆக்கினது ஒங்க வீட்டுக்காரர். அதுக்கு ஸ்டீபன் என்னக்கா செஞ்சார்? என் பேரு என்னக்கா செஞ்சுது?"

அவர் வாங்க வந்ததை வாங்காமல் வெளியே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கதவைத் தட்டியிருந்தால் ஒருவேளை ஏதாவது பேசியிருப்போம். தட்டவில்லை. எனக்கு எழுத வேண்டிய பிரதிகள் பாக்கி இருந்தன.

மைக்

மறுநாள் யாரோ வந்து அடுக்கு முழுவதையும் எடுத்துப் போய்விட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். குணா சார் அருளுக்குப் போன் போட்டு, பத்திரிகையை அசிங்கப்படுத்தினால் வழக்குப் போடுவேன் என்றாராம். யாருடைய பெயரை யார் அசிங்கப்படுத்தியது என்று அருள் கேட்டதும் லைனைத் துண்டித்துவிட்டார். வசந்தாக்காவும் நானும் அதன் பிறகு பேசவில்லை. கொஞ்ச வருடத்தில் அவர்கள் டெக்சாஸ் பக்கம் போய்விட்டார்கள்.

செலின் மைனிக்கு நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பினேன். சேவியர் போய் வாசித்துக் காட்டினான். அவர்கள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஒங்க அக்கா மேல எனக்குக் கோவம் இல்லடே. ஆனா மைக்குல சொன்னத மைக்குலதான மாத்திச் சொல்லணும்? பேப்பர்ல எழுதினா எனக்கும் ஒனக்கும் மட்டுந்தான தெரியும்" என்றார்களாம்.

படித்த பத்திரிகை ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பொய் எவ்வளவு சத்தமாகப் போனதோ அவ்வளவு சத்தமாக உண்மை போக வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டதை ஒருவரும் செய்யவில்லை. சேவியர் அந்தக் கட்சிக்காரர்களிடம் போய் மைக் கேட்டான். தேர்தல் முடிந்துவிட்டதே தம்பி, இனி மைக் எதற்கு என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, நாங்கள் மைக் தருகிறோம், எங்கள் மேடையில் வந்து சொல் என்றார்கள். செலின் மைனி கையெடுத்துக் கும்பிட்டு அவர்களையும் அனுப்பிவிட்டார்கள். என் புருஷன் யாருக்கும் ஓட்டு வாங்கித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஆளுக்கு ஒரு மைக் கையில் இருக்கிறது. அந்தப் பழைய பொய் மறுபடியும் அதில்தான் ஊரைச் சுற்றுகிறது. அதனால் இந்த வார இதழில் எனக்குக் கிடைத்த இடத்தில், நான் அன்று எழுதிக் கொடுத்ததை அப்படியே கீழே தருகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

*கோடி அற்புதர் புனித அந்தோனியாருக்கு நன்றி. வெளிநாட்டில் கப்பலில் அடைபட்டிருந்த என் தம்பி சேவியர் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தான். வாக்குக் கொடுத்தபடி இதைப் பிரசுரிக்கிறேன். அவனுக்கும் மற்றவர்களுக்கும் சமைத்துப் போட்டு, அங்கேயே காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமான எங்கள் ஊர் ஸ்டீபனுடைய ஆன்மா இளைப்பாற இதை வாசிக்கிறவர்கள் ஒரு செபம் சொல்லவும். ரெஜினா.*

இந்த அத்தியாயத்தில் வருகிற சிலருடைய பெயரை மாற்றியிருக்கிறேன். ஸ்டீபனின் பெயரை மாற்றவில்லை.

அந்தப் பழைய பக்கம் உங்கள் போனுக்கும் வந்திருந்தால், அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள். வராவிட்டாலும் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். சுருக்க வேண்டாம். கூட்ட வேண்டாம். மேலே யார் படத்தையும் ஒட்ட வேண்டாம். எந்தக் கட்சிக்காகவும் வேண்டாம், எந்தக் கட்சிக்கு எதிராகவும் வேண்டாம். இடம் போதாது என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். ஸ்டீபனின் பெயரை விட்டுவிடாதீர்கள்.